‘அவிஞ்சா’ என்பது கேள்வி

ஜூன் 23, திங்கள்

முட்டை 143. வெடித்தது 31. அடியில் கருகியது 9. பிள்ளைகளின் தட்டுக்குப் போனது 103. மீதி நாற்பது பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்று ஹெச்.எம். என்னைக் கேட்டார். சத்துணவு அமைப்பாளர் என்று எனக்குப் பெயர். இன்று அமைத்தது இதுதான்.

மாடத்தி அக்கா முட்டைப் பானையை அடுப்பில் ஏற்றிவிட்டு வேறு எங்கும் போகவில்லை. பானைக்கு முன்னால்தான் நின்றாள். நின்றபடியே தண்ணீரை வற்ற விட்டிருக்கிறாள். நான் ஸ்டோர் ரூமில் கடலை மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். படபடவென்று சத்தம். தீபாவளிக்கு இன்னும் நாலு மாதம் கிடக்கிறதே என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தால் அடுப்படி முழுக்கப் புகை. முட்டை ஒவ்வொன்றாக வெடிக்கிறது. சமையல்காரி கையில் கரண்டியோடு சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

கத்திவிட்டேன். "கண்ணு அவிஞ்சா போச்சு ஒனக்கு? பானை முன்னாலயே நிக்க, தண்ணி கெடக்கா இல்லையான்னு தெரியாதா?"

எட்டாம் வகுப்பு வரைக்கும் கேட்டதாம். எட்டாம் வகுப்பு மாடியில் இருக்கிறது.

வழக்கமாக நான் ஒன்று சொன்னால் அவள் ஒன்பது சொல்லுவாள். பத்தொன்பது வருடமாக ஒரே அடுப்படி. எனக்குப் பத்து வயது மூத்தவள். மற்றவர்கள் முன்னால் 'டீச்சர்' என்பாள், கோபம் வந்தால் 'ஏட்டி சங்கரம்மா'. இன்று இரண்டும் இல்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பானையைத் தேய்க்கப் போனாள். தோற்றுப்போனாள் என்று நினைத்தேன். மனதுக்குக் கொஞ்சம் நன்றாகக்கூட இருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

மாடத்தி அக்கா வந்தாள். பேசவில்லை. முட்டையை உதவியாளர் மகபூப் பீவி அவித்தாள். ஒன்றும் வெடிக்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

மூன்று நாளாக மாடத்தி அக்கா வரவில்லை. ஃபோனையும் எடுக்கவில்லை. மகபூப் பீவி அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வந்தவள் நேரே என்னிடம் வரவில்லை. வெங்காயம் உரித்தாள். குடத்தில் தண்ணீர் பிடித்தாள். பிடித்த தண்ணீரையே இன்னொரு குடத்துக்கு மாற்றினாள். கடைசியில் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னாள்.

"யக்காவுக்கு எடது கண்ணு தெரியலையாம், டீச்சர்."

"எப்பருந்து?"

"திங்கக்கிழமைலருந்து."

"திங்கக்கிழம எப்ப?"

பீவி தரையைப் பார்த்தாள். "நீங்க ஏசுனியள்லா. அதுக்கு அப்புறம்."

ஜூன் 28, சனி

ஒன்றைத் தெளிவாக எழுதி வைக்க வேண்டும். நான் சாபம் விடவில்லை. சாபம் என்றால் 'ஒன் கண்ணு அவிஞ்சு போவும்' என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது 'அவிஞ்சா போச்சு?' கடைசியில் கேள்வி இருக்கிறது. இந்த ஊரில் பஸ்ஸில் காலை மிதித்தவனிடம், பைக்கைக் கொண்டுவந்து இடித்தவனிடம், உப்பை எடுக்கச் சொன்னால் சீனியை எடுத்துவருகிற புருஷனிடம், எல்லாரும் எல்லாரிடமும் கேட்கிற கேள்வி. நானே ஒரு நாளைக்கு நாலு பேரிடம் கேட்பேன். கேட்கப்பட்டவர்களுக்கெல்லாம் கண் போவதென்றால் சங்கரன்கோவிலில் ரோட்டைக் கடக்க ஆள் இருக்காது.

எழுதிவிட்டேன். ஆனாலும் சோறு இறங்கவில்லை. ரசம் விட்டும் பார்த்தேன்.

ஜூன் 30, திங்கள்

கருநாக்கு என்று பெயர் வந்துவிட்டது. சொன்னது பலிக்குமாம். நாற்பத்தெட்டு வயதில் எனக்குக் கிடைத்த முதல் பட்டம்.

நான் அடுப்படியில் வாயைத் திறந்தாலே மகபூப் பீவி சாம்பாரை மூடுகிறாள். எதற்கு என்று கேட்டேன். "ஈ வருது டீச்சர்" என்றாள். ஒரு ஈயும் இல்லை.

மதியம் ஆறாம் வகுப்பு காவியா தட்டோடு வந்து நின்றாள். சோறு பத்தவில்லை போலிருக்கிறது என்று கரண்டியை எடுத்தேன். அதற்கு வரவில்லையாம். "டீச்சர், எங்க கணக்கு சாருக்குக் காச்சல் வரணும்னு ஒரு தடவ சொல்லுதியளா? புதன்கிழம மட்டும். அன்னைக்கு டெஸ்ட்டு." போடி என்று விரட்டினேன். விரட்டிய பிறகு, அந்த 'போடி'யில் ஏதாவது ஆகிவிடுமோ என்று அவள் வகுப்புக்குப் போய்ச் சேரும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். நல்லபடியாகத்தான் போய்ச் சேர்ந்தாள்.

சாயங்காலம் எதிர்வீட்டு இசக்கிச்செல்வி. கொழுந்தன் சுவரை ஒரு அடி தள்ளிக் கட்டிவிட்டானாம். "பெரிசா ஒண்ணும் வேண்டாம் மதினி. காலு சுளுக்குனாப் போதும்" என்றாள். அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

ஜூலை 2, புதன்

கணக்கு சாருக்குக் காய்ச்சல் இல்லை. நன்றாக இருக்கிறார். டெஸ்ட்டும் வைத்தார். இதைப் பற்றி யாரும் பேசவில்லை.

நூலக அலமாரியின் சாவி தமிழ் சார் ஞானதுரையிடம் இருக்கிறது. வாங்கி அகராதியை எடுத்தேன். அவித்தல்: வேகவைத்தல். சரி. அதற்கு அடுத்து: அணைத்தல். அதற்கு அடுத்து: அடக்குதல். அதற்கும் அடுத்து: கெடுத்தல். ஒரே சொல். முட்டைக்கும் அதுதான், விளக்குக்கும் அதுதான். பத்தொன்பது வருடமாகத் தினமும் செய்கிற வேலை. இதற்குள் இத்தனை இருப்பது இன்றைக்குத்தான் தெரிகிறது.

ஞானதுரை சாருக்கு முப்பத்தொரு வயது. பாதி முடித்த ஆராய்ச்சி ஒன்று வைத்திருக்கிறார். கேட்டால் முழுசாகப் பேசுவார்.

"ஆவியும் அவியும் பக்கத்துப் பக்கத்துச் சொல்லுன்னு சொல்லுதாவ, டீச்சர். ஆவியில வேவுறது அவியல். ஆவின்னா மூச்சும்தான், உயிரும்தான். பானையிலருந்து போனா நீராவி. ஆளுட்டருந்து போனா வேற."

"யாகத்துல 'அவி'ங்காவளே, அது?"

"அது வடக்கருந்து வந்த வேற சொல்லு. சோத்துப் பருக்கைய அவிழ்னு சொல்லுவாவ, அதுவும் இது இல்ல. அது முடிச்சு அவிழ்க்கோம்லா, அந்தப் பக்கம். அரிசி வெந்து விரியுதுல்லா."

எனக்கு அரிசி வேண்டாம். கண்தான் வேண்டும். "கெடுதி இல்லாத பொருள் ஏதாவது இருக்கா சார்?"

"இருக்கே. பழைய தமிழ்ல புலன அவிச்சவன்னா முனிவன். ஆசைய அடக்குனவன். உச்சமான பொருளே அதுதான்."

"அப்ப கண்ணு அவிஞ்சுதுன்னா, கண்ணு அடங்கி அமைதியாச்சுன்னு எடுத்துக்கிடலாமா? ஒரு மரியாதையா?"

சார் நிஜமாகவே யோசித்தார். "எடுத்துக்கிடலாம். மாடத்தியக்கா எடுத்துக்கிடணுமே."

எங்கள் பதிவேட்டில் 'வேகவைத்த முட்டை' என்றுதான் அச்சடித்திருக்கிறது. அரசாங்கத் தமிழில் ஏசியிருந்தால் 'கண் வெந்தா போயிற்று' என்று கேட்டிருப்பேன். யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. சிரித்துக்கொண்டு போயிருப்பார்கள்.

ஜூலை 3, வியாழன்

இன்று ஞானதுரை சாரிடம் இலக்கணம் பேசினேன். நான் சொன்னது தன்வினை. 'அவிஞ்சு போச்சு' என்றால் தானாக நடந்தது. அவித்தது யார் என்று அதில் இல்லை. நான் அவிப்பேன் என்று எங்கேயும் சொல்லவில்லையே.

"தன்வினைதான்" என்றார். எனக்கு உயிர் வந்தது. "ஆனா டீச்சர், சாபம் பூரா தன்வினையிலதான் இருக்கும். நாசமாப் போவும்பாவ. நான் நாசமாக்குவேன்னு யாரு சொல்லுதா?"

கேள்வி விகுதியைக் காட்டினேன். அவிஞ்சு கூட்டல் ஆ. கேள்வி. அதற்கும் ஒன்று வைத்திருந்தார். அதே 'அவிஞ்சா' என்பதை 'அவிந்தால்' என்றும் படிக்கலாமாம். 'அவிஞ்சா, போச்சு.' அவிந்தால் போயிற்று, அவ்வளவுதான். காதால் கேட்டவருக்கு எது என்று எப்படித் தெரியும் என்கிறார்.

இந்த ஆளுக்கு ஆராய்ச்சி ஏன் முடியவில்லை என்று இப்போது புரிகிறது.

ஜூலை 5, சனி

என் வீட்டுக்காரர் வேல்சாமி விசைத்தறி ஓட்டுகிறவர். தறிச் சத்தத்தில் காது பாதி, பேச்சு கால் வாசி. எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "இருவத்தஞ்சு வருசமா என்னைய அதையேதான கேக்க. எனக்கு ஒண்ணும் ஆவலையே" என்றார்.

எனக்குச் சாதகமாக இதுவரை கிடைத்த சாட்சி இது ஒன்றுதான். இதை ஊரில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

மாடத்தி அக்கா வீட்டுக்குப் போனேன். ஆறு கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு போனேன். தனியாகத்தான் இருக்கிறாள். புருஷன் இல்லை, மகன் மகாராஜா திருப்பூரில் பனியன் கம்பெனியில். வாசல் கதவு திறந்திருந்தது. கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். விரலால் தடவித் தடவி ஆய்ந்தாள்.

"யக்கா" என்றேன்.

தலையை நன்றாகத் திருப்பி வலது கண்ணால் பார்த்தாள். "எதுக்கு வந்த? இன்னொரு கண்ணு இருக்கே, அதுக்கா?"

சொல்ல வேண்டியதையெல்லாம் வழியில் அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். தன்வினை, கேள்வி விகுதி, முனிவர் எல்லாம் இருந்தது. கொய்யாப்பழத்தை வாசற்படியில் வைத்துவிட்டு வந்தேன். தெரு முனை வரை வந்த பிறகுதான் அழுகை வந்தது. என்னத்துக்கு அழுகை? நான்தான் ஒன்றும் செய்யவில்லையே! செய்யலன்னா போயேன், எதுக்கு அழுத? கேட்டா கேள்விதான் கேட்டேன்னு சொல்லு. சொல்லிக்கிட்டே இரு.

ஜூலை 9, புதன்

கோயிலுக்குப் போனேன். கோமதி அம்மனுக்குக் கண்மலர் போடலாம் என்று. வெளியே கடையில் வெள்ளிக் கண் கேட்டேன். "சோடியாத்தான் வரும். ஒத்தக் கண்ணு குடுக்கமாட்டோம்" என்றான். வலது கண் நன்றாகத்தானே இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, சோடியாகவே வாங்கி உண்டியலில் போட்டேன். அம்மனிடமும் நான் கேள்விதான் கேட்டேன் என்று சொன்னேன். அம்மன் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் வரிசையில் நின்ற அம்மாள்தான், "சட்டுனு நவருங்க" என்றாள்.

ஜூலை 11, வெள்ளி

முட்டை 143. எல்லாம் சரி. சாம்பாரில் உப்பு இல்லை என்று பிள்ளைகள் சொன்னார்கள். சொல்லட்டும்.

ஜூலை 14, திங்கள்

மகபூப் பீவி தூது கொண்டுவந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுத் திருநெல்வேலி கண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டார்களாம். மகனுக்கு லீவு இல்லை. கூட ஒரு ஆள் வேண்டும்.

"நீ போயேன்" என்றேன்.

"நான் வாரேன்னுதான் சொன்னேன். அதுக்கு யக்கா, அவதான் வரணும், கெடுத்தவளே கூட்டிட்டுப் போவட்டுங்காவ." பீவி ஒரு அடி தள்ளி நின்றாள். "நான் துஆ செய்யுதேன் டீச்சர். ரெண்டு பேத்துக்கும்."

ஜூலை 16, புதன்

காலை ஏழரை பஸ். மாடத்தி அக்கா ஜன்னல் ஓரம். நான் அவளுக்கு இடது பக்கம் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம்தான் கண் இல்லை என்பது பாதி வழி போன பிறகுதான் உறைத்தது.

கண்ணுக்குச் சொட்டு விட்டார்கள். காத்திருந்தோம். மறுபடி விட்டார்கள். ஏதேதோ கருவியில் முகவாயை வைக்கச் சொன்னார்கள். கடைசியில் டாக்டரம்மா. சின்ன வயசு, ஆனால் நிதானம்.

"எப்போருந்து தெரியலை?" என்று கேட்டார்.

நான் நாற்காலியில் கொஞ்சம் சுருங்கினேன். ஜூன் 23, திங்கள், காலை பதினொன்று பத்து என்று எனக்கே மனப்பாடம்.

மாடத்தி அக்கா என் பக்கம் திரும்பவில்லை. சுவரில் மாட்டியிருந்த கண் படத்தைப் பார்த்துச் சொன்னாள். "ரெண்டு வருசமா ஓரத்துல இருட்டுதான். இந்தப் பொங்கலோட எடது கண்ணு பூராவும் போச்சு."

கண்ணுக்குள் அழுத்தமாம். வலி இல்லாமல் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுமாம். இடது கண் போனது போனதுதான். திரும்ப வராது. வலது கண்ணிலும் ஓரம் குறைய ஆரம்பித்திருக்கிறது. ஆனால் அதைக் காப்பாற்றலாம். சொட்டு மருந்து, ஒரு நாளைக்கு நாலு வேளை, ஒரு வேளைகூட விடாமல். விட்டால் அதுவும் போகும். வேலை செய்யலாமா என்று மாடத்தி அக்கா கேட்டாள். செய்யலாம், நெருப்புப் பக்கம் மட்டும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்.

நியாயமாக எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். மூன்று வாரமாக அகராதியிலும் கோயிலிலும் தேடியது இதைத்தானே. நான் கத்திய அன்று ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் முன்னமே ஆகிவிட்டிருந்தது. நிம்மதி வரவில்லை. கோபம் வந்தது. பஸ் ஏறியதும் கேட்டுவிட்டேன். இந்தத் தடவை வலது பக்கம் உட்கார்ந்தேன்.

"ஏன்க்கா நான் சொல்லித்தான் போச்சுன்னு ஊரெல்லாம் சொன்ன?"

"வேற என்ன சொல்ல? ரெண்டு வருசமாக் கண்ணு தெரியலன்னா, தெரியாமலா பிள்ளையளுக்கு ஆக்கிப் போட்டன்னு கேப்பாவ. அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவாவ. எனக்கு வேலை இன்னும் ரெண்டு வருசம் கெடக்கு. நீ ஏசிப் போச்சுன்னா, பாவம்னு விட்டுருவாவ. நீயும் நல்லாச் சத்தமாத்தான கேட்ட? வசதியாப் போச்சு."

"என்னைய கருநாக்குங்காவ!"

"ஒனக்கென்ன. நாக்குதான கருப்பு."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திருப்பிக்கொண்டபடியே கேட்டேன். "அன்னைக்கு அடுப்படியில ஏன் பதிலே சொல்லல? ஒண்ணுக்கு ஒம்போது சொல்லுவியே."

"சொல்ல வந்தேன்" என்றாள். "ஆமான்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். சங்கரம்மாகிட்டச் சொன்னா என்ன, அவ நம்ம பிள்ளதானன்னு தோணுச்சு. அதுக்குள்ள நீ முட்டைய எண்ணப் போயிட்ட."



ஜூலை 17, வியாழன்

நான் எண்ணத்தான் போனேன். 31, 9, 103. இந்த நோட்டிலேயே முதல் வரியில் இருக்கிறது.

ஒரு வருடமாக அவள் அரிசியில் கல் பொறுக்குவது விரலால்தான். பார்த்திருக்கிறேன். சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வரும்போது இடது பக்கம் வாசல் நிலையில் இடித்துக்கொள்வாள். பார்த்திருக்கிறேன். கொட்டிவிட்டாயே என்று ஏசியிருக்கிறேன். போன மாசி மாதம் உப்பை இரண்டு தடவை போட்டாள். அன்றைக்கும் இதையேதான் கேட்டேன். கண்ணு அவிஞ்சா போச்சு? எத்தனை தடவை கேட்டிருப்பேன்! ஒரு தடவையாவது நின்று பதில் கேட்டேனா?

ஞானதுரை சாரிடம் போய், அது கேள்வியே இல்லை சார், நீங்கள் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொண்டேன். அவர் அதற்குள் கட்சி மாறியிருந்தார். இல்லை டீச்சர், யோசித்துப் பார்த்தேன், அது கேள்விதான் என்றார்.

ஜூலை 21, திங்கள்

ஹெச்.எம். கூப்பிட்டார். சமையலர் இத்தனை நாள் வரவில்லை, ஒன்றிய அலுவலகத்தில் கேட்கிறார்கள், அமைப்பாளரின் அறிக்கை வேண்டும். இரண்டு விவரம். கண் குறைபாடு எப்போதிலிருந்து? வேலையில் தொடர முடியுமா?

இரண்டாவதற்கு டாக்டரின் சீட்டு இருக்கிறது. முதலாவதற்கு நான்தான்.

"ரெண்டு நாள் டைம் எடுத்துக்குங்க" என்றார். ஹெச்.எம். மதுரைக்காரர். எதற்கும் இரண்டு நாள் கொடுப்பார்.

ஜூலை 22, செவ்வாய்

எழுதினேன். கிழித்தேன். எழுதினேன்.

இரண்டு வருடமாக என்று எழுதினால் உண்மை. அவள் வீட்டுக்குப் போவாள். அந்த அறிக்கையைப் படிக்கிறவர்கள், இரண்டு வருடமாக அமைப்பாளர் என்ன பார்த்தார் என்று என்னையும் கேட்பார்கள். கேட்கட்டும், அது நியாயமான கேள்வி. ஆனால் அவள் போவாள்.

ஜூன் 23 முதல் என்று எழுதினால் பொய். அதோடு கருநாக்கு என்பதை நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்ட மாதிரி. பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் அந்தத் தேதி தெரியும்.

கடைசியில் எழுதியது இது: 'ஜூன் 23 அன்று பணியின்போது சமையலரின் பார்வைக் குறைபாடு தெரியவந்தது.' தெரியவந்தது. தன்வினை. யாருக்கு என்று அதில் இல்லை. இலக்கணம் படித்ததற்கு ஒரு பலன்.

தெரியவந்ததா என்ன? வந்து வாசலில் நின்றது. நான்தான் உள்ளே கூப்பிடவில்லை. அதை அறிக்கையில் எழுத இடம் இல்லை. கீழே இன்னொரு வரி சேர்த்தேன்: 'அடுப்புப் பொறுப்பை இனி அமைப்பாளரும் உதவியாளரும் ஏற்கிறோம்.'

ஜூலை 23, புதன்

ஹெச்.எம். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "ஜூன் 23ன்னா... ஊர்ல ஒரு பேச்சு இருக்கே, அந்த நாளா?"

"ஆமா சார்."

"நீங்களே எழுதித் தர்றீங்களா?"

"ஆமா சார்."

கையெழுத்துப் போட்டார். போடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே வந்த பிறகு, உள்ளே அவர் மேசை மேலிருந்த தம்ளரை மூடுகிற சத்தம் கேட்டது.

ஜூலை 31, வியாழன்

ஒன்றிய அலுவலகத்திலிருந்து பதில். தொடரலாம். அடுப்புப் பக்கம் கூடாது.

கோமதி அம்மன் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கம் போக முடியவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

மாடத்தி அக்கா வந்தாள். வந்ததும் முட்டைப் பானையைத் தொட்டுப் பார்த்தாள். "ஒரு பாத்திரம் தேய்க்கத் தெரியல ரெண்டு பேத்துக்கும்" என்றாள். மகபூப் பீவிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. சாம்பாரை மூட மறந்துவிட்டாள்.

முட்டையை நான் அவித்தேன். முட்டை மூழ்கி அதற்குமேல் இரண்டு விரல் தண்ணீர் நிற்க வேண்டுமாம், ஒரு கை உப்பு போட வேண்டுமாம், கொதி வந்த பிறகு எண்ணிப் பத்து நிமிடமாம். அடுப்பிலிருந்து எட்டு அடி தள்ளி ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள். இத்தனை வருடமாக எல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். உரிக்கும்போது ஓடு வழுக்கிக்கொண்டு வந்தது.

மருந்து விடுவதில்தான் சிக்கல். காலையும் ராத்திரியும் பக்கத்து வீட்டில் விட்டுவிடுகிறார்கள். பகல் இரண்டு வேளைக்கு ஆள் இல்லை. அவளே விட்டால் கன்னத்தில் விழுகிறது. பீவிக்குக் கண் என்றாலே பயம். மீதி நான்.

அரிசி மூட்டை மேல் தலையைச் சாய்த்துப் படுத்தாள். நான் குப்பியைத் தலைகீழாகப் பிடித்தேன். இமையை விரித்தேன். முதல் சொட்டு மூக்கில் விழுந்தது.

"மூக்குலயா கண்ணு இருக்கு? எதுக்குப் பயப்படுத?"

"இந்தக் கண்ணும் போச்சுன்னா என்னையத்தான சொல்லுவ."

"பின்ன யாரச் சொல்ல" என்றாள். "சீக்கிரம் விடு. கழுத்து வலிக்குது."

இரண்டாவது சொட்டு உள்ளே போனது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நேற்று தபசு. பள்ளி லீவு. மருந்துக்கு லீவு கிடையாது என்பதால் கூட்டத்தில் இடிபட்டு அவள் வீட்டுக்குப் போய் இரண்டு வேளையும் விட்டுவிட்டு வந்தேன். போகிற வழியில் ஒருத்தன் காலை மிதித்தான். வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

இன்று ஒன்பது நாற்பதுக்கு ஒரு வேளை. இரண்டு பத்துக்கு ஒரு வேளை. இரண்டும் முதல் சொட்டே கண்ணில் விழுந்தது.

இரண்டாவது வேளைக்கு அப்புறம், "யக்கா, எப்படித் தெரியுது?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு நின்றேன். மிச்சச் சோற்றை என்ன செய்ய என்று பீவி கூப்பிட்டாள். பெல் அடித்தது. ஹெச்.எம். எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நின்றேன்.

மாடத்தி அக்கா மெதுவாகக் கண்ணைத் திறந்தாள். மூடினாள். ஒரு கையால் ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்த்தாள்.

"வலதுல ஒன் மூஞ்சி தெரியுது. எடதுல ஒண்ணுமில்ல" என்றாள். பிறகு, "நாளைக்கும் கேளு" என்றாள்.

நாளை சனிக்கிழமை, பள்ளி கிடையாது. ஒன்பதரைக்கெல்லாம் அவள் வீட்டில் இருக்க வேண்டும்.